கள்ளனைப் பிடித்தாச்சு, பிறகு?

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகிற எங்கள் ஊரில், ஒரு சிறுபோகத்தின்போது இரண்டு கிழமைக்குள் மூன்று வாட்டர் பம்ப் காணாமல் போயின. மூன்றாவது பம்ப் போன அன்றே பொடியள் இரவுக் காவலுக்கு இறங்கிவிட்டார்கள். நானும் போனேன். பதினொரு மணியிருக்கும், குளக்கட்டில் ஒரு ரோர்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. யாரோ "கள்ளன்!" என்று கத்த, வெளிச்சம் அணைந்தது, ஆள் ஓடினார். வாய்க்காலுக்குள் சறுக்கி விழுந்தவரை ஐந்தாறு பேர் சேர்ந்து தூக்கி வந்தோம். கையில் பம்ப் இல்லை, ஒரு நைலோன் கயிறு மட்டும் இருந்தது. அந்தக் கயிற்றாலேயே அவரைச் சனசமூக நிலையத்துத் தூணில் கட்டினார்கள். நான் ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாடு தேடி வந்தனான் ஐயா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்கிற நிலையில் யாரும் இல்லை. ஒருவன் இரண்டு அடியும் போட்டான். விடிந்ததும் விதானையார் (கிராம அலுவலர்) வந்தார். வந்தவர் நேரே அவருடைய கைகளைப் பார்த்தார். கயிறு இறுகிய இடம் கன்றி, விரல்கள் வீங்கி, மோதிரம் தசைக்குள் புதைந்திருந்தது. "ஆர் கட்டினது?" என்று கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. மத்தியானத்துக்குள் அவர் சொன்ன கறுத்தப் பசு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று மேய்வதை எல்லோரும் பார்த்தோம். கயிறு அதைக் கட்டிக்கொண்டு போகக் கொண்டுவந்தது.

கட்டி வைக்கப்பட்டவர் பொலிஸில் முறைப்பாடு செய்தார். எங்கள் ஊர்ப் பொடியள் மூன்று பேர் ஒரு வருடத்துக்கும் மேலாக வழக்குக்கு அலைந்தார்கள். கடைசியில் மன்னிப்புக் கேட்டு, நட்டஈடு கொடுத்து, சமாதானமாக முடிந்தது. நீதிமன்ற விறாந்தையில் எங்கள் சட்டத்தரணி சொன்ன ஒரு வசனம் எனக்கு இன்னும் ஞாபகம்: "பிடிச்சதுக்கு ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் தம்பி. விடிய விடியக் கட்டி வச்சதுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்த வசனத்துக்கான விளக்கம்தான். பொலிஸ் அல்லாத ஒருவர் இன்னொருவரைப் பிடிக்கலாமா, பிடித்தால் எதுவரை போகலாம், எந்த இடத்தில் நாமே குற்றவாளி ஆகிறோம் என்பதை, சட்டம் படிக்காதவர்களுக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லப் பார்க்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் இதற்கான இடம் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அதன் 35ஆம் பிரிவு தனியாள் ஒருவருக்குக் கைது செய்யும் அதிகாரம் கொடுக்கிறது. ஆம், "கைது" என்கிற அதே சொல்தான். பொலிஸ் வந்து செய்தால்தான் கைது, நாங்கள் செய்தால் வெறும் "பிடித்து வைத்தல்" என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இரண்டும் கைதே. அதனால்தான் கைதுக்குரிய கட்டுப்பாடுகளும் நம் தலையில் விழுகின்றன.

மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும் ஒரு தனியாள் கைது செய்யலாம். ஒருவர் உங்கள் கண்முன்னே, பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க ஒரு குற்றத்தைச் செய்யும்போது. அல்லது ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார், அவர் அப்படியான குற்றம் ஒன்றைச் செய்துவிட்டார் என்று நீங்கள் நியாயமாகச் சந்தேகிக்கிறீர்கள் என்றால். அல்லது அவர் தேடப்படும் குற்றவாளி என்று முறைப்படி பிரகடனம் செய்யப்பட்டவர் என்றால். கடைசியாகச் சொன்னது நம் அன்றாடத்தில் அநேகமாக வராது. பேஸ்புக்கில் யாரோ ஒருவரின் படத்தைப் போட்டு "இவனைக் கண்டால் பிடியுங்கள்" என்று எழுதுவது பிரகடனம் ஆகாது, அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

"பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம்" என்றால் என்ன? குற்றங்களைச் சட்டம் இரண்டு கூடைகளில் போட்டிருக்கிறது. நீதவானிடம் பிடியாணை வாங்காமலே பொலிஸ் கைது செய்யக்கூடியவை ஒரு கூடை. பிடியாணை வேண்டியவை மற்றக் கூடை. எது எதில் என்பதைச் சட்டக்கோவையின் முதலாம் அட்டவணை பிரிவு பிரிவாகச் சொல்கிறது. களவு, வீடு புகுந்து களவு, கொள்ளை, கொலை, பாலியல் வல்லுறவு எல்லாம் முதலாவது கூடை. பட்டி மாட்டைச் சாய்த்துக்கொண்டு போவதும் அதே கூடைதான். மாட்டுக் களவுக்கென்றே தண்டனைச் சட்டக்கோவையில் தனிப் பிரிவு இருக்கிறது, 368ஆவது. சின்ன அடிபிடி, சாதாரணக் காயம் போன்றவை இரண்டாவது கூடையில் வரும். அவற்றுக்காகத் தனியாள் யாரையும் கைது செய்ய முடியாது. அடி விழுகிற இடத்தில் விலக்குப் பிடிக்கலாம், அது வேறு விஷயம்.

இரண்டு கூடையிலும் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் அதிகம் நடப்பது அதுதான். கடன். சீட்டுக் காசு தரவில்லை, உழவு மெசின் கூலி பாக்கி, கடையில் கணக்கு ஏறிக் கிடக்கிறது என்று ஆளை வீட்டுக்குள் இருத்தி, "காசு வந்தால் போகலாம்" என்பது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமற்போவது குற்றமே அல்ல, அது குடியியல் விவகாரம். அதற்காக ஆளைப் பிடித்து வைப்பவர்தான் குற்றம் செய்கிறார். இப்படியான பிணக்குகளுக்குத்தான் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இணக்க சபைகள் இருக்கின்றன. மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

கண்முன்னே என்றால் கண்முன்னே

35ஆம் பிரிவில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது "கண்முன்னே" என்ற நிபந்தனை. ஓர் உதாரணம் எடுப்போம். இரவு இரண்டு மணிக்கு உங்கள் பம்ப் போகிறது. காலையில் வயலுக்குப் போய்ப் பார்க்கிறீர்கள், கொட்டில் வெறுமையாக இருக்கிறது. சேற்றில் காலடி. அடுத்த ஊரில் ஒருவர் அன்று பின்னேரம் அரை விலைக்கு ஒரு பம்ப் விற்கப் பார்த்தார் என்று தகவல் வருகிறது. உங்களுக்கு நூறு வீதம் நிச்சயம். ஆனாலும் அவரைப் பிடிக்கிற அதிகாரம் உங்களுக்கு இல்லை. களவு உங்கள் கண்முன்னே நடக்கவில்லை, அவர் ஓடிக்கொண்டிருக்கவும் இல்லை. சாய்மனைக் கதிரையில் இருந்து தேநீர் குடிக்கிறவரை ஊரார் போய்த் தூக்கினால் அது சட்டப்படியான கைது ஆகாது. பொலிஸுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, ஏனென்றால் நியாயமான முறைப்பாடோ நம்பத்தகுந்த தகவலோ வந்தால் அவர்கள் 32ஆம் பிரிவின்கீழ் கைது செய்யலாம். நமக்கும் பொலிஸுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: தகவலை வைத்து அவர்கள் நடக்கலாம், நாம் நடக்க முடியாது.

இதையே கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். நீங்கள் போகிற நேரம் ஒருவர் பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பால் இறங்குகிறார். கண்முன்னே களவு. பிடிக்கலாம். நீங்கள் "கள்ளன், பிடியுங்கோ!" என்று கத்துகிறீர்கள், அவர் பம்பைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுகிறார், அங்கே நிற்கிற பக்கத்து வயல்காரர் அவரை மறித்துப் பிடிக்கிறார். அவர் களவைக் காணவில்லை, ஆனால் ஓடுகிற ஆளை நியாயமான சந்தேகத்தின்பேரில் பிடிக்கிற அதிகாரத்தைச் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கிறது. அவர் செய்ததும் சரி.

எங்கள் குளக்கட்டு மனிதருடைய கதையை இதற்குள் வைத்துப் பாருங்கள். அவர் ஓடினார், உண்மை. ஆனால் அன்றிரவு எந்தக் களவும் நடந்திருக்கவில்லை. கையில் கயிறு மட்டும். இருட்டில் இருபது பேர் கத்திக்கொண்டு வந்தால் கள்ளனும் ஓடுவான், மாடு தேடி வந்தவனும் ஓடுவான். "நியாயமான சந்தேகம்" என்பதை நீதவான் எடைபோடுவது நம் மனதில் இருந்த கோபத்தை வைத்து அல்ல. அந்த நேரத்தில் நாம் கண்டதும் கேட்டதும் என்ன, அதை வைத்து நிதானமுள்ள ஒருவர் சந்தேகப்பட்டிருப்பாரா என்றுதான் பார்ப்பார். "ஏதாவது சொல்லிப் பார்க்கலாம்" என்று சட்டத்தரணி இழுத்தது அதனால்தான்.

ஊருக்குப் புதிதாக வருகிற ஆள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகும். மோட்டார் சைக்கிளில் பிளாஸ்டிக் சாமான் விற்க வருகிறவர், மனநலம் சரியில்லாமல் வீதியில் நடக்கிறவர், பாதை தவறியவர். "புது ஆள்" என்பது குற்றம் இல்லை, இரவில் நடப்பதும் குற்றம் இல்லை. 2011 ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வருகிற மர்ம மனிதர், கிறீஸ் பூதம் என்று நாடு முழுக்கப் பயம் பரவியதை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊர் ஊராக ஆட்கள் பொல்லுகளோடு காவல் இருந்தார்கள். புத்தளத்தில் அந்தக் கொந்தளிப்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கும்பலால் கொல்லப்பட்டார். இன்று வட்ஸ்அப்பில் "வெள்ளை வேன், பிள்ளை பிடிகாரர், கவனம்" என்று ஒரு குரல்பதிவு வந்தால் எனக்கு முதலில் அந்த ஓகஸ்ட்தான் ஞாபகம் வருகிறது.

கயிறு

கைது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதை 23ஆம் பிரிவு சொல்கிறது, அது தனியாளுக்கும் பொருந்தும். ஆள் வாயாலோ செய்கையாலோ இணங்கினால் தொடவே தேவையில்லை. இணங்காவிட்டால் உடலைத் தொட்டு அல்லது தடுத்து நிறுத்தலாம். எதற்காகப் பிடிக்கிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். "பம்பை எடுத்துக்கொண்டு போனதைக் கண்டோம், அதுக்காகப் பிடிச்சிருக்கிறம், பொலிஸுக்குச் சொல்லியாச்சு" என்றால் போதும், சட்ட மொழி வேண்டாம். காரணம் சொல்லப்படுவது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கைது செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் கொடுத்த உரிமை.

ஆள் முரண்டு பிடித்தால், தப்பி ஓடப் பார்த்தால், கைதை நிறைவேற்ற நியாயமாகத் தேவைப்படும் அளவு பலத்தைப் பாவிக்கலாம். அந்த "அளவு" நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஓடுகிறவரைப் பாய்ந்து விழுத்துவது அளவுக்குள் வரலாம். விழுந்தவர் கையை உயர்த்திக் கும்பிட்ட பிறகு விழுகிற முதல் அடி வராது. பிடிபட்டவரைத் தப்பவிடாமல் வைத்திருக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. திமிறுகிற ஆளின் கைகளைப் பொலிஸ் வரும்வரை சேர்த்துக் கட்டியதற்கு ஒரு நியாயம் சொல்ல முடியும். ஆறு பேர் சுற்றி நிற்க, சுருண்டு குந்தியிருக்கிற மனிதரைத் தூணோடு கட்டியதற்கு என்ன நியாயம் சொல்வது? மரத்தில் கட்டுவது, சட்டையைக் கழற்றுவது, தலையை மொட்டையடிப்பது, கழுத்தில் மட்டை தொங்கவிடுவது, இவற்றில் ஒன்றுகூடத் தப்பி ஓடாமல் தடுக்கிற வேலை இல்லை. எல்லாம் தண்டனை. தண்டிக்கிற அதிகாரம் ஊருக்குக் கிடையாது, பொலிஸுக்கும் கிடையாது.

கட்டி வைத்து "மற்ற ரெண்டு பம்பும் எங்கை?" என்று அடித்துக் கேட்பது இன்னும் ஆபத்து. ஒப்புதலைக் கறக்கவோ பொருளைத் திருப்பித் தர வைக்கவோ ஒருவரைக் காயப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம், சாதாரணக் காயத்தைவிடப் பாரதூரமானது. விசாரணை நம்முடைய வேலை இல்லை. சோதனை போடுவதும் அப்படித்தான். பிடிபட்டவரிடம் கத்தி, பொல்லு போன்ற ஆயுதம் இருந்தால் அதை வாங்கி வைத்துப் பொலிஸிடம் கொடுக்கலாம். சட்டைப் பையைக் கிளறுவது, கைப்பேசியைத் திறந்து பார்ப்பது எல்லாம் பொலிஸிடம் விடவேண்டியவை. வவுனியா நகரத்துக் கடைகளில் நிற்கிற பாதுகாப்பு ஊழியர்களுக்கும் இதே கணக்குத்தான். சீருடை போட்டதால் அதிகாரம் ஒரு அங்குலமும் கூடுவதில்லை. ஊரில் ஏதாவதொரு பாதுகாப்புக் குழுவில் பெயர் இருக்கிறது என்பதாலும் கூடாது.

வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் கயிற்றுக்கு முதலே கைப்பேசி வெளியே வந்துவிடுகிறது. பிடிபட்டவர் பொலிஸோடு போகும் முன்பே முகம் ஊரெல்லாம் சுற்றிவிடும். அது அவரை அவமானப்படுத்துகிறது என்பது ஒருபுறம் இருக்க, உங்கள் வழக்கையே கெடுக்கிறது. சாட்சிகள் ஆளை அடையாளம் காட்ட அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டிவந்தால், "சாட்சி இந்த முகத்தை ஏற்கெனவே பேஸ்புக்கில் கண்டிருக்கிறார்" என்று எதிரிச் சட்டத்தரணி எழுந்து சொல்லுவார். கட்டி அடித்ததும் அதே வீடியோவில் இருக்கும், அதை எடுத்தவரே உங்களுக்கு எதிரான சாட்சி.

வன்னியில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது: கட்டுத்துவக்கும் (கட்டி வைத்த கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கிற துவக்கு) மின்சாரக் கம்பியும். பன்றிக்கென்று வைக்கிறோம் என்பார்கள். அதுவே சட்டவிரோதம். கள்ளனுக்கென்று வைத்தால் அதற்கும் கைதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மரண தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரைக் கைது செய்வதற்காகச் சாகடிக்க எவருக்கும் உரிமை இல்லை என்று 23ஆம் பிரிவே சொல்லிவிட்டது. பம்ப் களவுக்கு மரண தண்டனை இல்லை. கம்பிக்குக் கள்ளனையும் விறகு பொறுக்கப் போன பிள்ளையையும் பிரித்துப் பார்க்கவும் தெரியாது.

தற்காப்பு என்பது வேறு. யாராவது கத்தியோடு வீட்டுக்குள் வந்தால் நீங்கள் கைதுச் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உடலையும் உடைமையையும் காக்கிற உரிமை தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகளில் இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு: ஆபத்தைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, பொலிஸ் உதவியை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமை எழாது. ஆபத்து முடிந்தால் உரிமையும் முடிந்தது.

சின்னப் பிள்ளைகள் மாங்காய் பிடுங்குவது, தேங்காய் எடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது எதுவும் சட்டப்படி குற்றமே இல்லை. முன்பு அந்த வயது 8ஆக இருந்தது, 2018இல் திருத்தினார்கள். குற்றமே இல்லாத இடத்தில் கைதும் இல்லை. தாய் தகப்பனிடம் போய்ச் சொல்லுங்கள், வேறென்ன.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்

"24 மணித்தியாலம் வைத்திருக்கலாம்தானே?" இந்தக் கேள்வி என் காதில் விழாத இடமில்லை. அந்த 24 மணித்தியாலம் பொலிஸுக்கு உரியது. அதற்குள் அவர்கள் ஆளை நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். தனியாளுக்குச் சட்டம் மணிக்கணக்கு எதுவும் கொடுக்கவில்லை, "தேவையற்ற தாமதமின்றி" என்று மட்டும் சொல்கிறது. மிகக் கிட்டவுள்ள சமாதான அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும், அப்படி ஒருவர் இல்லையென்றால் மிகக் கிட்டவுள்ள பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சமாதான அலுவலர் என்றால் பெரும்பாலும் பொலிஸ்தான். பொலிஸ் கடமைகளைச் செய்ய அரசாங்க அதிபரால் எழுத்தில் நியமிக்கப்பட்ட கிராம அலுவலரும் அதற்குள் அடங்குவார். எல்லா விதானைமாருக்கும் அந்த நியமனம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நடு இரவு, வாகனம் இல்லை, பொலிஸ் நிலையம் இருபது கிலோமீற்றர், ரோட்டில் யானை நிற்கிறது. வன்னியில் இது கற்பனை இல்லை. இப்படியான தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம். ஆனால் காரணம் சொல்ல, பிடித்த உடனேயே 119க்கோ பொலிஸ் நிலையத்துக்கோ அழைத்திருக்க வேண்டும். அழைத்த நேரம் கைப்பேசியில் பதிவாகியிருக்கும், அதுதான் உங்கள் சாட்சியம். எங்கள் ஊரில் பதினொரு மணிக்குப் பிடித்துவிட்டு விடியும்வரை ஒருவரும் பொலிஸுக்கு அழைக்கவில்லை. "சங்கத் தலைவர் விடிய வந்து விசாரிப்பார்" என்று வைத்திருந்தோம். ஆறு ஏழு மணித்தியாலம். தண்டனைச் சட்டக்கோவையில் இதற்குப் பெயர் முறையற்ற அடைத்துவைப்பு. 333ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி நின்று செய்தால் சட்டவிரோதக் கூட்டம் என்ற கதையும் சேரும், அப்போது அடித்தவன் ஒருவன், ரோர்ச் பிடித்தவன் இன்னொருவன் என்ற பிரிப்பு அவ்வளவு உதவாது. என் பெயர் வழக்கில் வராமல் போனது வெறும் அதிர்ஷ்டம்.

ஒரு பழைய பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்திலிருந்து 2009 வரை வன்னியின் பெரும்பகுதியில் இருந்தது வேறொரு நிர்வாகம். தமிழீழக் காவல்துறை, அதற்கென்று நீதிமன்றங்கள், தனிச் சட்டக்கோவை. ஒரு தலைமுறை முழுக்க அந்த நடைமுறையில் வளர்ந்தது. அதன் பிறகு வந்த பொலிஸோடு மொழியும் நம்பிக்கையும் ஒட்டாமல், "நாங்களே பார்த்துக்கொள்ளுவம்" என்ற பேச்சு ஊர்களில் தங்கிவிட்டது. அந்த மனநிலை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. நீதவானுக்கு முன்னால் அது எதிர்வாதம் ஆகாது என்பதும் விளங்கிவிட்டது.

இன்னொரு குழப்பம் யூடியூப்பால் வருகிறது. தமிழ்நாட்டுச் சட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு "ஆறு மணித்தியாலத்துக்குள் ஒப்படைத்தால் சரி" என்பார்கள். அது இந்தியாவில் 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 40ஆம் பிரிவு. அங்கே குற்றம் பிணையில் விடமுடியாததாகவும் இருக்க வேண்டும். லண்டனில் இருக்கிற மாமா வேறொன்று சொல்லுவார், அங்கே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24அ பிரிவு, அதற்கு வேறு நிபந்தனைகள். முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் இரண்டும் செல்லாது.

பிடிக்க வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். "கைது செய்யலாம்" என்றுதான் இருக்கிறது. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கைது செய்ய நியாயமாக உதவி கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை உண்டு, தானாகப் பாய வேண்டிய கடமை இல்லை. சட்டவிரோத மணல் ஏற்றிய டிப்பரை மறிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அனுமதிப்பத்திரம் இருக்கிறதா இல்லையா என்று ரோட்டில் நின்று உங்களுக்குத் தெரியாது, ஓடுகிற டிப்பருக்கு முன்னால் நிற்பது சட்டப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை. இலக்கத் தகட்டைப் படம் எடுங்கள், நேரத்தையும் இடத்தையும் எழுதி வையுங்கள், அறிவியுங்கள்.

பொலிஸ் வந்த பிறகு

ஒப்படைத்ததும் பொலிஸ் அவரைத் திரும்பக் கைது செய்ய வேண்டுமா என்று பார்ப்பார்கள். காரணம் இருந்தால் மீண்டும் முறைப்படி கைது. குற்றம் செய்தார் என்று நம்ப ஒன்றும் இல்லையென்றால் உடனே விட வேண்டும், அதையும் 35ஆம் பிரிவே சொல்கிறது. "நாங்கள் கஷ்டப்பட்டுப் பிடித்தவனை விட்டுவிட்டார்கள்" என்று கோபப்படுகிறவர்கள் இந்த இடத்தைப் படிக்க வேண்டும். ஆளுக்குக் காயம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரி அதைப் பதிவார், எப்படி வந்தது என்று காயப்பட்டவரே சொல்லவும் போகிறார். அதனால் மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது: விழுந்ததில் இந்தக் காயம், பிடிக்கும்போது இது.

இடையில் "ஐயாயிரம் தந்தால் விடுறம்" என்று பேரம் பேசாதீர்கள். குற்றத்தை மறைக்கக் காசு வாங்குவதும் குற்றம்.

பிறகு உங்களிடம் வாக்குமூலம் எடுப்பார்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள். "அவன்தான் எல்லாப் பம்பையும் எடுத்தவன்" என்பது நீங்கள் கண்டது இல்லை. "இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார்" என்பது கண்டது. யார் பிடித்தது, எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு அழைத்தது, எத்தனை மணிக்கு ஒப்படைத்தது, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் பல வேளைகளில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள், அடுத்த தவணைக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.